முன் டயரின் வலது ஓரம்

எங்கள் முட்டைக்காரரை ஊரில் யாரும் முட்டைக்காரர் என்று சொல்வதில்லை. "மூணு சக்கரம்" என்பார்கள். முகத்துக்கு நேராக அல்ல. மனிதருக்கு ரோஷம் ஜாஸ்தி. முட்டைக்காவது மேலே ஒரு ஓடு இருக்கிறது, இவருக்கு அதுவும் கிடையாது.

என் பேக்கரிக்குப் பதினைந்து வருடமாக அவர்தான் முட்டை போடுகிறார். முன்பெல்லாம் சாதாரண மோட்டார் சைக்கிளில் பின்னால் ட்ரேக்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பெட்ரோல் பங்க் வளைவில் வழுக்கி விழுந்தார். முந்நூறு முட்டையும் ஒரு முழங்காலும் போயின. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முட்டையைப் பற்றித்தான் விசாரித்தார்கள், முழங்காலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை என்பது இன்றுவரை அவருடைய குறை. நானும் முட்டையைப் பற்றித்தான் கேட்டேன்.

அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வீடும் பட்டறையும் தண்ணீர்த் தொட்டிச் சந்தில் ஒன்றாகவே இருக்கின்றன. முழங்கால் போன மச்சான் இனி இரண்டு சக்கரத்தில் ஏறக் கூடாது என்று பட்டறைக்காரரே முடிவு செய்தார். அதே மோட்டார் சைக்கிளைப் பிரித்து, பின்னால் ஒரு அச்சு வைத்து, இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டி, நடுவில் முட்டைப் பெட்டியைப் பொருத்தினார். இருபத்திரண்டு நாள் வேலை. அந்தச் சமயத்தில் பட்டறைக்கு வந்த வேறு வேலையெல்லாம் வாசலிலேயே கிடந்தது.

வண்டி தயாரான காலையில் நானும் போயிருந்தேன். அதே போல ஒன்று எனக்கும் ரொட்டி கொண்டுபோகக் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். முட்டைக்காரர் புது வண்டிப் பெட்டியிலிருந்து முதல் ட்ரேயை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து கிளப்பினார். சந்து முனையில் திரும்ப வேண்டிய இடம் வந்ததும், இருபது வருடப் பழக்கம், உடம்பை அழகாக ஒரு பக்கம் சாய்த்தார். இரண்டு சக்கர வண்டி என்றால் கூடவே சாய்ந்து திரும்பியிருக்கும். மூன்று சக்கரம் எதற்குச் சாய வேண்டும்? அவர் மட்டும் சாய்ந்தார். வண்டி நேராகப் போய் எதிரே குவித்திருந்த இரும்புக் கம்பிகளில் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் சந்தே சிரித்தது. எல்லாரையும் விடத் தங்கைதான் அதிகம் சிரித்தாள், கையில் ட்ரேயை வைத்துக்கொண்டு, முட்டை குலுங்கக் குலுங்க.

பட்டறைக்காரர் ஓடி வந்து ஹேண்டில் பாரைத் தட்டிக் காட்டினார். "மச்சான், இது உங்க உடம்பு சொல்றதைக் கேக்காது. கை சொல்றதைத்தான் கேக்கும்."

முட்டைக்காரர் முகம் கறுத்துவிட்டது. "வண்டியைக் கோணலாக் கட்டியிருக்கீங்க மாப்பிள்ளை," என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர் போனவர்தான். மாப்பிள்ளை முறுக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மச்சான் முறுக்கை நான் அங்கேதான் பார்த்தேன்.

வெட்கத்தை மறைக்கச் சொன்ன ஒரு வார்த்தை. அன்றோடு விட்டிருந்தால் அதுவும் மறந்துபோயிருக்கும். ஆனால் நாலு மாதத்தில் முன் டயர் தேய்ந்தது. அதுவும் வலது ஓரம் மட்டும் வழவழவென்று மொட்டையாகி, இடது ஓரம் புதிதாகவே இருந்தது. அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. டயரைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாகக் காட்டினார். "பாருங்க, கோணலா வெல்டு வச்சா வேற எப்படித் தேயும்?"

ஊர் நம்பியது. நானும் நம்பினேன். என் வண்டியை வேறு ஊரில் கட்டக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் பெட்டி தனியாகவும் நான் தனியாகவும் போனோம், அது வேறு கதை. பட்டறைக்காரரிடம் அதற்குப் பிறகு யாரும் மூன்று சக்கரம் கட்டக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பி, இரும்பு கேட் என்று செய்துகொண்டிருந்தார். ஒரு கை தேர்ந்த ஆள் ஆறு வருடம் ஜன்னல் கம்பி அடித்தார் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

முட்டைக்காரர் பக்கம் டயர் ஆராய்ச்சி நடந்தது. முதலில் சாதாரண முன் டயர். பிறகு கெட்டி ரப்பர் என்று சொல்லி விற்ற ஒன்று. பிறகு யாரோ சொல்லி, பின் சக்கரத்து டயரையே முன்னால் மாட்டினார். அதில் ரப்பர் தடிமன், முகமும் தட்டை. சாயாத வண்டிக்கு உருண்டை டயரை விடத் தட்டை டயர்தான் நல்லது என்பது உண்மைதான். டயர் பக்கவாட்டில் போட்டிருக்கும் அம்புக்குறியை எதிர்ப்பக்கம் பார்க்க மாட்ட வேண்டும், ஏனென்றால் பின் டயர் வண்டியைத் தள்ளுகிறது, முன் டயர் பிரேக்கைத் தாங்குகிறது என்று என் கல்லாவுக்கு முன்னால் நின்று அரைமணி நேரம் விளக்கினார். அது எட்டு மாதம் வந்தது. தேய்ந்தது என்னவோ அதே வலது ஓரம்தான்.

ஆறு வருடத்தில் பதினொரு டயர். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரான சாட்சிகள் அல்லவா, வீட்டுக் கொல்லையில் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். அவர் மனைவி அந்தப் பக்கம் துணி காயப்போடப் போகும்போதெல்லாம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று டயர்களிடம் சொல்லிவிட்டு வருவாள். அவள் வாரம் ஒருமுறை நாத்தனார் வீட்டுக்கு நடந்தே போய்வந்துகொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும். கேட்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் அவர் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். மனிதர் இரண்டு கையையும் ஹேண்டில் பாரிலிருந்து எடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவு நேரமும் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பார்த்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் டயர்க்கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் மனைவி கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர் வாடிக்கை சொல்லும் எதையும் மறுக்கிற ஆள் இல்லை. கோணல் என்றால் கோணல், டயர் வேண்டுமென்றால் டயர். அந்த அக்கா அப்படி இல்லை. நான் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது முட்டைக்காரர் வந்து, "இதுக்குக் கார் டயர் போட முடியுமா? மட்கார்டை வெட்டிக்கலாம். ரொம்ப நாள் வரணும்," என்றார்.

அக்கா டயரை விரலால் தடவினார். "ஏன் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு?"

"வண்டி கோணல். மாப்பிள்ளை கைவரிசை."

அக்கா குனிந்து உட்கார்ந்தார். ஒரு சாக்பீஸை எடுத்து டயரின் இரண்டு ஓரத்திலும், நேராகப் போகும்போது தரையில் படாத இடமாகப் பார்த்து, வெள்ளை பூசினார். "உங்க வழக்கமான சுத்தை ஒரு தடவை சுத்திட்டு வாங்க."

முக்கால் மணி நேரத்தில் வந்தார். வலது ஓரத்து வெள்ளை காணோம். இடது ஓரம் பூசியபடியே இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் முட்டைக்காரர்.

"இப்ப அதே சுத்தை எதிர்ப்பக்கமாப் போயிட்டு வாங்க," என்று அக்கா மறுபடி வெள்ளை பூசினார்.

இந்தத் தடவை இடது ஓரத்து வெள்ளை போயிருந்தது. வலது ஓரம் அப்படியே இருந்தது. முட்டைக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"வண்டியில ஒண்ணும் இல்லைங்க," என்றார் அக்கா. "சாயாத வண்டி இடப்பக்கம் திரும்பினா வலது ஓரம் உரசும். நீங்க எப்பவும் ஒரே பக்கமாத் திரும்புறீங்க. எந்த வழியாப் போறீங்க?"

முட்டைக்காரர் சாக்பீஸை வாங்கித் தரையில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டார். ஊரைச் சுற்றி, கடை கடையாக, இடப்பக்கமாகவே வளைந்து வீடு வந்து சேரும் வழி.

"ஆரம்பத்திலேருந்தே இப்படித்தானா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "முன்னாடி எட்டு," என்றேன். பூஜ்யத்துக்கு நடுவே தண்ணீர்த் தொட்டிச் சந்தைக் கோடாகப் போட்டேன். பாதிச் சுற்று முடிந்ததும் அந்தச் சந்துக்குள் திரும்பித் தங்கைக்கு முட்டை கொடுப்பார். மீதிச் சுற்றில் மறுபடி அதே சந்துக்கு வந்து காலி ட்ரேயை வாங்கிக்கொண்டு போவார். அந்தச் சந்தில் அவருக்கு இருந்த ஒரே வாடிக்கை தங்கை. லைசென்ஸ் வாங்க எல்லாரும் ஒரு தடவை எட்டுப் போடுவார்கள். இவர் தினமும் போட்டார். அந்தச் சந்துக்குப் போவதை விட்டார், எட்டு பூஜ்யமாகிவிட்டது.

அக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. "அப்ப ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் போங்க."

"அப்படின்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்கு முட்டை கடைசியா வரும். நான் கேக்கு எப்பப் போடறது?" என்றேன். சுயநலம்தான்.

"அப்ப எட்டே போடுங்க. கார் டயர் வேண்டாம். பின் டயர் ஒண்ணு தர்றேன், ரெண்டு பக்கமும் சமமாத் தேஞ்சா நல்லா வரும். இதுக்கு மேல என்கிட்ட டயர் இல்ல," என்று அக்கா எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு முட்டையை இறக்கிவிட்டு முட்டைக்காரர் போகாமல் நின்றார். "நீங்க மூணு சக்கரம் கட்டணும்னு சொன்னீங்கல்ல?" என்றார். நான் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது. "வாங்க, ஒரு ஆளு இருக்காரு. நான் கூட வந்து சொன்னா நல்லாச் செய்வாரு."

முட்டைப் பெட்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டி வந்ததும் வண்டி மெதுவானது. நின்றே விடுமோ என்று பயந்தேன். திரும்பினார்.

பட்டறைக்காரர் இரும்பு கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"இவருக்கு ஒரு மூணு சக்கரம் வேணுமாம்," என்றார் முட்டைக்காரர், என்னைக் காட்டி.

"நான் கட்டினா கோணலா வருமே மச்சான்."

தங்கை வாசலுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முட்டைக்காரர் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டயர் மேல் பழியைப் போடலாம், சாக்பீஸ் கதையைச் சொல்லலாம், நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"நேராத்தான் வரும்," என்றார். "நீங்க கட்டினது நேராத்தான் இருக்கு."

"எப்பத் தெரிஞ்சது?"

"அன்னைக்கே தெரியும்."

பட்டறைக்காரர் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வை முட்டைக்காரருக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது. தங்கை சட்டென்று உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒரு காலி ட்ரேயோடு திரும்பி வந்தாள். அட்டை பழுத்து, ஒரு மூலை எலி கடித்த மாதிரி உதிர்ந்திருந்தது.

"அன்னைக்கு நீ குடுத்தது அண்ணே. ரெண்டாவது சுத்துல நீ வந்து வாங்கிக்குவேன்னு எடுத்து வச்சேன்," என்றாள். "இவ்வளவு பெரிய சுத்தா போவ?"

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டியில் மற்ற ட்ரேக்களோடு வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்று அழுதார். பட்டறைக்காரர்தான் எழுந்து போய், "சரி மச்சான், முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா கொடுத்த அந்த டயருக்கு இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. என்ன டயர், இவ்வளவு நாள் வருகிறதே என்று கேட்பவர்களிடம் முட்டைக்காரர், "ரப்பர் நல்ல ரப்பர்," என்கிறார். மனிதர் அடியோடு மாறிவிடவில்லை.

பணம் சேர்த்துக் கொடுத்து, என் வண்டியும் போன மாதம்தான் தயாரானது. எடுக்கப் போனபோது முட்டைக்காரர் மீதிச் சுற்றுக்கு வந்து காலி ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஏறினேன், கிளப்பினேன், சந்து முனையில் ஸ்கூட்டர் பழக்கத்தில் உடம்பை ஒரு பக்கம் சாய்த்தேன். வண்டி நேராகப் போய் அதே கம்பிக் குவியலில் முட்டியது. சந்தே சிரித்தது. எல்லாரையும் விட முட்டைக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

வண்டி கொஞ்சம் கோணல் என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பட்டறைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.