ரோவில்லில் பறந்த பொரி

மெல்பர்னின் ரோவில் பகுதியில், வீட்டுக் கராஜில் புல் வெட்டும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. போன வருடம் இலங்கை மன்னார்க்காரர் அந்தோனி, தான் வேலை பார்க்கும் பனிமலை விடுதியிலிருந்து பனி அள்ளி வீசும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்படியொன்றை நான் தொட்டதே இல்லை. வார இறுதிகளில் அதோடு மல்லுக்கட்டி ஒருவழியாக ஓட வைத்தேன். ஆயுத பூஜையன்று அதையும் கராஜ் வாசலில் நிறுத்தி, சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் பொரியைக் குவித்துப் படைத்தேன்.

மறுநாள் அந்தோனி வந்தார். கயிற்றை இழுத்ததும் இன்ஜின் உறுமியது. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"ஓம், ஓடுது. ஆனா பனியை எறியுமோ அக்கா? மலையில போய் எறியாட்டி என்ர வேலை போயிடும்."

ரோவில் வெயிலில் பனிக்கு எங்கே போவது? பிளேடு சுற்றுவதையாவது காட்டலாம் என்று லீவரை அழுத்தினேன். பொரியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்!

மெஷின் அத்தனையையும் வாரி விழுங்கி, குழாய் வழியாக வானத்தில் வீசியது. கூரை, வேலி, அந்தோனியின் தலை, எங்கும் வெள்ளை வெளேர்!

"எறியுது அக்கா! எறியுது!" என்று அவர் துள்ளினார். நானும் துள்ளினேன்.

மெல்பர்னுக்கு வந்து இத்தனை வருடமாகியும் பனி விழுந்து நான் பார்த்ததில்லை. இனி மலைக்கே போய்ப் பார்த்தாலும், அது எனக்கு இரண்டாவது பனிதான்.