டங்ஸ்டன் என்றால் கனமான கல்

கனச்சரக்கை ஏற்றுமுன் அதன் கனத்தைத் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியில் அறிவிக்க வேண்டும். ஐம்பதுகளில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக நான் இருந்தபோது இப்படி ஒரு விதி இருந்தது. நல்ல விதி. கண்ணாடிச் சட்டம் போட்டு, தொழிலாளிகள் நுழையக்கூடாத அறையில் அதை மாட்டியிருந்தார்கள்.

அன்று வந்தவை தலையணை அளவுச் சாக்குகள். மேலே ஆங்கில எழுத்தில் 'டங்ஸ்டன்' என்று முத்திரை. அரிசி ஏற்றிப் பழகியவர்களுக்கு எந்தச் சரக்குக்கும் அளவு ஒன்றுதான்: கயிற்று வலையில் மார்பு உயரம் அடுக்கிவிட்டு, தூக்கும் இயந்திரத்தை ஓட்டும் விஞ்சுக்காரனுக்குக் கை காட்டுவது. உயரம் குறைந்தால் பக்கத்துக் குழு சும்மா விடாது.

"என்னடா, சீர்த்தட்டா தூக்குறீங்க?"

எங்கள் குழுத் தலைவனான தண்டலுக்குப் பொறுக்கவில்லை. "சின்னச் சாக்குதானேலா! மார் வரைக்கும் ஏத்துங்கடா!"

ஏற்றினார்கள். வலை ஆளுயரத்தைத் தாண்டியதும் கயிறு அறுந்தது. கீழே நின்று வலையை ஆடாமல் பிடித்திருந்தவனின் வலது கால் சாக்குகளுக்கு அடியில் போயிற்று. கிழிந்த சாக்குகளின் கறுப்புத் தூள் இரத்தத்தில் குழைந்து சேறாகிவிட்டது. காலைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை தண்டலுக்கு. குழுவினர் மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கியை அவன் தோளில் இறக்கி, தரையில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள்.

"எனக்கு மட்டும் எவன்டா சொன்னான்?" என்று அலறினான். நியாயமான கேள்வி. தாடை உடைந்ததால் மறுபடி கேட்க முடியவில்லை. பிறகு காவலாளிகள் தடியோடு வந்து, அடித்தவன் அடிபட்டவன் என்று பார்க்காமல் எல்லாரையும் அடித்து ஒழுங்கை நிலைநாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில், வலையைப் பிடித்திருந்தவனின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். விதி மீறப்பட்டது என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் அவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்கும், கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடும் நிலைக்கும். இல்லையேல் மனைவி மக்களோடு தெருதான். கம்பெனிக்கு மனு எழுதியவன் நான், உரிய பிரதிகளுடன். நூலகத்தில் அகராதியையும் புரட்டினேன். டங்ஸ்டன் ஸ்வீடன் நாட்டுச் சொல்: 'டுங்' கனம், 'ஸ்டேன்' கல். இதன் தாது உலையில் வெள்ளீயத்தை விழுங்கியதால் ஜெர்மன் சுரங்கக்காரர்கள் அதை ஓநாய் என்று ஏசினார்களாம். பெயரிலேயே கனம் இருக்கும்போது கம்பெனி தெரியாது என்று சொல்ல முடியாது என மனுவை முடித்தேன்.

லைன் வீட்டில் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப கல்லுன்னா அர்த்தம், கிராணியாரே?"

"கனமான கல்."

"எவனாச்சும் 'கல்லுடா'ன்னு கத்தியிருந்தா பாதிதானே ஏத்தியிருப்போம்!" ஊன்றுகோலைச் சுவரில் ஓங்கி அடித்தான். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. மூலையில் குழந்தை வீறிட்டது. "ஒரு வார்த்தைலா!"

மனுவுக்குப் பதில் எழுதும் வரைகூடக் கம்பெனி காத்திருக்கவில்லை. ஆட்கள் வந்து கதவை உதைத்துத் திறந்து, பானை சட்டிகளை வெளியே வீசினார்கள். தடுத்தவனை ஒற்றைக் காலோடு படியில் தள்ளினார்கள். குடும்பம் சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் ஐந்தடி நடைபாதைக்குப் போயிற்று.

பதில் இரண்டே வாக்கியம். பெயரின் பொருளைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. ஒவ்வொரு சாக்கின் மீதும் 'கனமான கல்' என்றே அச்சிட்டிருந்ததால் எச்சரிக்கை முறைப்படி தரப்பட்டுள்ளது.

அது வந்து சேர்ந்தது, அவரவர் சுமையின் கனம் தெரிந்தே காவடி தூக்கி அந்தச் சாலையில் போன தைப்பூசத்துக்கு மறுநாள்.