தங்கைக்கு நான் நடத்திய பள்ளிக்கூடம்

என் தங்கை படிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் திருத்தவில்லை.

அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் ஓடின. பக்கத்துத் தெருவில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. தங்கை நச்சரித்ததில், விஜயதசமியன்று எழுத்துகளை எழுதிக் காட்டினால் சேர்த்துவிடுவதாக அப்பா ஒப்புக்கொண்டார். கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு மாணவி! முதல் வேலையாக, பிரம்புக்குப் பதில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் வாத்தியாரைப் போலவே நானும் கத்தினேன்; அவளையும் கத்தச் சொன்னேன். கூடச் சேர்ந்து சொல்வாள். பலகையைக் கொடுத்தால் விழிப்பாள். ஒருநாள் தறிக்கடியில் கிடந்த அறுந்த பட்டு நூல்களைப் பொறுக்கி, தரையில் எழுத்து எழுத்தாக வளைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே எழுத்தைப் பலகையில் பிசகாமல் எழுதினாள்.

"இன்னாடி இது, விளையாடிக்கினு?"

"மிதிக்காதண்ணா, அது 'ழ'. இப்படி வெச்சாத்தான் எனக்கு நெனப்புல நிக்குது."

'ழ' எனக்கே வெகுநாள் வராத எழுத்து. அவள் இப்படிச் சத்தமில்லாமல் கற்றுக்கொண்டால் எனக்கு அங்கே என்ன வேலை? ஆயுத பூசைக்கு வீடு கூட்டும் சாக்கில் அந்த நூல்களையெல்லாம் திரட்டி அடுப்பில் போட்டேன். மயிர் கருகுவது போல் நாறியது.

விஜயதசமியன்று அப்பா அவளை எதிரே உட்காரவைத்தார். 'அ' எழுதினாள். அதற்குமேல் ஓடவில்லை. விரல்கள் மட்டும் பாவாடையில் எதையோ வளைத்துக்கொண்டிருந்தன.

"நூலு குடு நைனா, எழுதறேன்."

அப்பா சிரித்துவிட்டார். "எழுதறதுக்கு நூலு எதுக்கும்மா? இன்னாடா சொல்றா இவ?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "தெரியல நைனா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அடுத்த வாரம் அவளைத் தறிக்கு நூல் சுற்றும் ராட்டையில் உட்காரவைத்தார்கள்.

பின்னாளில் நான் வாத்தியாரானேன். ஆரணியில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தங்கையிடம், அவளுக்கு எப்படி வருமோ அப்படியே கற்றுக்கொடுப்பதாகச் சொன்னேன்.

"வேணாம்ணா. நீ கத்துவ."

கத்தமாட்டேன் என்றேன். சிரித்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து போய்விட்டாள்.

ஆரணிக்கு மாதம் தவறாமல் கடிதம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் அவற்றை அவளுக்குப் படித்துக் காட்டுவார். நான் கேட்க நினைத்த மன்னிப்பை அவர் வாயால் அவள் கேட்பதை நினைத்தாலே பேனா நின்றுவிடும். அவள் இருந்தவரை, எங்கள் ஊரில் மழை பெய்ததா இல்லையா என்பதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.