ஏற்புரை

புத்தக வெளியீட்டு விழாவில் கடைசியாக எழுத்தாளர் எழுந்து பேசுவதற்கு ஏற்புரை என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் நல்ல பகிடிக்காரராக இருந்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் வெள்ளவத்தை மண்டபமொன்றில், எழுத்தாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் வந்து நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்று அவர் ஏற்றுக்கொண்டது பொன்னாடையை மட்டும்தான்.

அவருக்கு முன் பேசியவர் என் சின்னம்மா. காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், வாடகை வீட்டின் முன்னறையில் தமிழ் டியூஷன் கொடுத்துப் பிழைத்தவர். எழுத்தாளரின் மகளும் அங்கே படித்ததால், வாசகர் சார்பில் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புகழ்வார் என்று நினைத்திருப்பார்கள். நாவலின் நடை நன்றாயிருக்கிறது என்று தொடங்கிய சின்னம்மா, அதில் வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரருக்கு ஒரு தாய் நியாயம் எடுத்துச் சொல்லும் கட்டத்துக்கு வந்தார்.

“செக்கிங் வந்தா எந்தத் தாயும் இப்பிடிக் கதைக்கமாட்டா. ஐடென்டிகாட்டையும் பொலிஸ் பதிவையும் நீட்டிக்கொண்டு ‘மாத்தயா, மாத்தயா’ எண்டு சிங்களத்திலை கெஞ்சிக்கொண்டுதான் நிப்பம். போன கிழமை நானும் அப்பிடித்தான் நிண்டனான். அந்தப் பயத்தை எழுதியிருந்தா இது எங்கடை கதையாயிருக்கும்.”

சபையில் சில பெண்கள் தலையாட்டினார்கள். எழுத்தாளர் அதைக் கண்டுவிட்டார். ஏற்புரையில் நாவலைப் பற்றி ஒரு சொல்லும் பதில் சொல்லவில்லை. “எங்கடை தாய்மாரைக் கோழையள் எண்டு சொல்லுற இவ ஆற்றை ஆள் எண்டு நீங்களே யோசியுங்கோ” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த நாளில் யாருடைய ஆள் என்பது பகிடிக் கேள்வி அல்ல. ஆமிக்குக் காட்டிக்கொடுக்கிறவள் என்று ஆளுக்காள் காதில் ஊத அதுவே போதும். முதலில் எழுத்தாளரின் மகள் டியூஷனுக்கு வரவில்லை. பிறகு மற்றப் பிள்ளைகளும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரி சின்னம்மாவைக் கண்டால் கதவைச் சாத்தினாள். வீட்டுச் சொந்தக்காரர் தன் மச்சானுக்கு வீடு வேண்டும் என்றார். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். அந்த எழுத்தாளரின் எரிச்சலுக்குச் சின்னம்மாவின் சோறு போனது. பிறகு கொட்டாஞ்சேனைத் துணிக்கடை ஒன்றில் பில் எழுதும் வேலைதான் கிடைத்தது. எழுத்தாளர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அவரே புதுப் புத்தகத்தோடு வந்தார். நடந்ததெல்லாம் மறந்துவிட்டது போலும். பழைய வாசகர்களின் அபிப்பிராயம் வேண்டுமாம். கொஞ்ச நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டார்.

“அருமையான புத்தகம். ஒரு குறையும் இல்லை” என்றார் சின்னம்மா. மறுமுனையில் அவர் உச்சி குளிர்ந்து நன்றி சொன்னது எனக்கும் கேட்டது.

புத்தகம் பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. “நீங்கள் இதை வாசிக்கவேயில்லையே, சின்னம்மா?” என்றேன்.

“வாசிச்சா உண்மையைச் சொல்லிப்போடுவன், பிள்ளை” என்றார்.