நம்மூர்க்காரர் காட்டிய கென்யா

புனேக்கு அருகே சாகணில் எனக்குச் சிறிய பட்டறை. டிராக்டர் உதிரிபாகங்கள் செய்கிறேன். இங்குள்ள தமிழர்கள் கூடிய பொங்கல் விழாவில் அறிமுகமான செந்தில் அண்ணன், என்னைப் போலவே கோயம்புத்தூர்க்காரர்; ஏற்றுமதி வியாபாரம் செய்பவர்.

"கென்யாவுல என்ற மச்சான் டிராக்டர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கறான். நம்மூர்ப் பொண்ண உட்ருவனா கண்ணு?" என்றார்.

வெளிநாட்டு ஆர்டருக்கு ஏங்கிக்கொண்டிருந்த நான், மாதிரிகளோடு அவற்றைச் செய்வதற்கான வரைபடங்களையும் கொடுத்தேன். அதன்பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை.

ஒருநாள் அவருடைய கிடங்குக்கே போனேன். கென்யாவுக்குக் கிளம்பத் தயாராக இருந்த பெட்டிகளில் என் வரைபடங்களின்படியே செய்த பாகங்கள். செய்தது வேறு யாரோ.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

"வாங்கறவன் என்ற ஆளு கண்ணு. யார் செஞ்சா என்ன?" என்றவர், எனக்கு டீ சொன்னார்.

குடிக்காமல் வந்துவிட்டேன். பிற்பாடு வேறு வழியில் ஏற்றுமதி ஆர்டர்கள் கிடைத்தன. ஆனால் இன்றும் புனேயில் யாராவது கொங்குத் தமிழில் "எந்த ஊருங்க?" என்று கேட்டால், புரியாதவள்போல இந்தியில் பதில் சொல்லிவிடுகிறேன்.