பின் சிலிண்டர்

1936-இல் அல்லிநகரத்து பஸ் பட்டறை ஒன்றில் ஒச்சாண்டி பிட்டராக இருந்தார். சொந்த ஊர் தேவாரம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தொழிலெல்லாம் மதுரையில் எண்ணெய் என்ஜின்களோடு கிடந்து கற்றது. ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். பிறகு கோளாறு எங்கே என்று சொல்வார். அநேகமாகத் தப்பாது.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்து மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஒரு பந்தய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். கவட்டை போல விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒரே கிராங்கைத் தள்ளுவதால் அத்தனை பெரிய என்ஜின் ஒல்லியான சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. முதல் தடவை பிரித்துப் பார்த்தபோது ஒச்சாண்டிக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் மறைவில் நிற்கிறது. எதிர்காற்று முழுக்க முன்னதுக்குத்தான். பின்னதுக்கு அனல்தான் மிச்சம். இதை வரைந்தவன் கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் மலையேறியிருக்க மாட்டான் என்று அப்போதே எரிச்சல்பட்டார்.

அந்த வருஷம் சித்திரையில் துரை வண்டியைக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றார். ஒச்சாண்டி பிளக்குகளைக் கழற்றினார். முன் பிளக் காப்பிப்பொடி நிறம், அது சரி. பின் பிளக் அதிகச் சூட்டில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நடுவிலிருந்து பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரிலிருந்து வரும் குழாய் பின் சிலிண்டரோடு சேருமிடத்தில் நட்டும் வளையமும் தேய்ந்திருந்தன. அந்த இடுக்கு வழியாக வேண்டாத காற்று உள்ளே போனது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு எகிறும். பிஸ்டன் விரிந்து இறுகிக்கொள்ளும்.

புது வளையம் மெட்ராசிலிருந்து வரவேண்டும், அதுவரை பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மலையேறக் கூடாது என்று ஒச்சாண்டி சொன்னார். பட்டறை முதலாளி சண்முகராஜ் பக்கத்தில் நின்று அதை இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். துரை சிரித்துவிட்டு, நட்டை முறுக்கிக் கொடு போதும் என்றார். முதலாளியும் கண்ணைக் காட்டினார். ஒச்சாண்டி முறுக்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் குமுளி மலைப்பாதையில் பின் பிஸ்டன் இறுகியது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட, வண்டி வளைவில் சறுக்கியது. துரை மண்மேட்டுப் பக்கம் விழுந்தார், முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் தபால் பையோடு உட்கார்ந்திருந்த தோட்டத்து ஆள் சின்னக்கருப்பு கல்சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார். அவர் ஒச்சாண்டியின் தங்கை அக்கம்மாளின் புருஷன். மதுரை ஆஸ்பத்திரியில் அவரது வலது காலை முழங்காலுக்குமேல் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒச்சாண்டி திரும்பியபோது பட்டறையில் ஒரு காகிதம் காத்திருந்தது. பிட்டரின் கவனக்குறைவால் விபத்து என்று அதில் எழுதியிருந்தது.

“தோட்டத்து லாரியெல்லாம் நம்மகிட்டதான் வருது. கையெழுத்துப் போட்டுரு, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார் சண்முகராஜ்.

“போகக்கூடாதுன்னு நான் சொன்னப்ப நீங்களும் அங்கனதான் நின்னீக. அதையும் எழுதுங்க, போடுறேன்.”

முதலாளி எழுதவில்லை. ஒச்சாண்டி காகிதத்தை நான்காய்க் கிழித்து எண்ணெய்த் தொட்டியில் போட்டார்.

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக் கம்பெனி ஓர் இன்ஜினியரை அனுப்பியது. மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். விழுந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சூடு ஆறியதும் பிஸ்டன் விட்டுக்கொடுத்திருந்ததால் என்ஜின் கிளம்பியது. அது ஓடும்போதே ஒச்சாண்டி முன் சிலிண்டரின் குழாய் மூட்டில் எண்ணெய் விட்டார், வெளியே வழிந்தது. பின் சிலிண்டரின் மூட்டில் விட்டார். எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொண்டு என்ஜின் குரல் மாறியது, புகைக்குழாயில் நீலப்புகை வந்தது. இன்னொரு தடவை விடச் சொன்னார் இன்ஜினியர். மறுபடியும் அதே புகை. துரை தள்ளி நின்று தன் புகையிலை பைப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிட்டர்மேல் குற்றமில்லை, தேய்மானமே காரணம் என்று இன்ஜினியர் எழுதி வாசித்துக் காட்டினார். சண்முகராஜ் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஒச்சாண்டி இன்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

“நட்டு தன்னால தேஞ்சுச்சு, சரி. ஆள ஏத்திக்கிட்டுப் போனது தன்னால நடந்துச்சா? அத எழுதலையே.”

எந்திரத்தைப் பார்க்கத்தான் தன்னை அனுப்பினார்கள் என்று சொல்லி இன்ஜினியர் பேனாவை மூடினார். துரை ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஆடியில் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அறிக்கை தன்னை விடுவித்ததைத் தங்கையிடம் சொல்ல ஒச்சாண்டி தேவாரம் போனார். அவள் கடைசிவரை கேட்டாள்.

“பழுதுன்னு தெரிஞ்சே வண்டிய வெளிய விட்டியாண்ணே?”

துரைமேலும் முதலாளிமேலும் அத்தனை நாள் கொதித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் ஒச்சாண்டி மேலேயே திரும்பியது. மறுநாள் வேலையை விட்டார்.

அல்லிநகரத்திலேயே தகரக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார். சின்னக்கருப்பைக் கூப்பிட்டுக் கூடவே தங்கவைத்து, உட்கார்ந்தே செய்யக்கூடிய பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவைச் சரிசெய்யும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் மச்சானைவிட மாப்பிள்ளையின் கை சுத்தம் என்று பெயரானது. அக்கம்மாள் மட்டும் அண்ணனோடு பேசுவதில்லை.

1941-இல் ராயப்பன்பட்டி மிராசுதார் ஒருவரின் கார் வந்தது. பிரேக் கம்பியில் விரிசல். கல்யாணத்துக்குப் போகவேண்டும், அப்படியே கொடு என்றார் அவர். ஒச்சாண்டி முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே உருட்டிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மிராசுதார் நான்கு ஆட்களைக் கூட்டிவந்தார். “என்னத் தூக்கிப் போட்டுட்டு எடுத்துக்கங்க” என்றார் ஒச்சாண்டி. சின்னக்கருப்பு கட்டையை ஊன்றி வந்து வாசலை மறித்து நின்றார். தொடுவதா வேண்டாமா என்று ஆட்கள் மிராசுதாரைப் பார்த்தார்கள். அவர் கண்டபடி திட்டிவிட்டு வாடகை வண்டி தேடிப் போனார்.

புதுக் கம்பி வர ஒன்பது நாளானது. கார் அதுவரை பட்டறையில்தான் நின்றது. சங்கதி கேள்விப்பட்டு அக்கம்மாள் தேவாரத்திலிருந்து வந்தாள். இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, குழம்பு வேணுமா என்று கேட்டாள்.