இருபத்து மூன்று ஜோடிச் செருப்புகள்

அம்மா இறந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. அவளைப் பற்றி ஏதாவது எழுது என்று தங்கை தினமும் போன் செய்கிறாள். எனக்கு எழுத வராது. தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை. அதில் நான் எழுதும் மிக நீளமான வாக்கியம் "பிழை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்பதுதான். ஆனால் கடற்கரைக்குப் போன கதையை எழுதலாம். அதில் எண்கள் உண்டு.

அம்மா பெரிய ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஆறாவது நடைமேடையின் கடைசியில், ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். ரயிலில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போவதெல்லாம் அங்கே வரும். குடைகள், ஒற்றைக் கையுறைகள், பல் செட்டுகள். ஒருமுறை ஒரு ஊன்றுகோல் வந்தது. அதை விட்டுவிட்டு அந்த ஆள் எப்படி நடந்து போனான் என்று அம்மா பல வருஷம் யோசித்தாள். ஒருமுறை ஒரு முழுக் கதவு வந்தது. அதைப் பற்றி யோசிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அம்மாவுக்கு இரண்டு விதிகள். முதலாவது, கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும். தங்க மோதிரம் என்று எழுதக் கூடாது. மஞ்சள் நிற உலோக மோதிரம். இரண்டாவது, கேட்டு வருகிறவர் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் அடையாளம் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும். ஒருநாள் நிலைய அதிகாரியே தன் குடையைத் தேடி வந்தார்.

"என்ன நிறம் சார்?"

"கருப்பு."

"இங்க நூத்தி நாப்பது குடை கருப்புதான் சார். யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க."

அவர் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

வீட்டிலும் அதே கதைதான். சோபாவுக்கு அடியில் கிடந்த என் ஜியாமெட்ரி பாக்ஸை அம்மா எடுத்து வைத்திருந்தால், காம்பஸில் எந்தப் பக்கம் துரு என்று சொன்னால்தான் கைக்கு வரும்.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. அந்த வருஷம் பள்ளிக்கு வசந்த விடுமுறை விட்டபோது அம்மா லீவு போட்டாள். நான்கு வருஷத்தில் முதல் லீவு. அதற்கு முந்தைய லீவில் அவள் இடத்தில் உட்கார்ந்த ஆள் ஒரு வயலினை வேறு யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அம்மா காய்ச்சலோடும் வேலைக்குப் போனாள். இந்தத் தடவை லீவு போட வைத்தது தங்கைதான். அவள் கடலைப் பார்த்ததில்லை. கடல் என்றால் பயம். ஆனால் இறங்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: அம்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா கை கூடாது, என் கை கூடவே கூடாது. என் கையை நம்பாததற்கு அவளிடம் நியாயமான காரணங்கள் இருந்தன.

அம்மா சரி என்றாள். நான்கு மணி நேர ரயில் பயணத்தில் பதினாறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் தங்கை அந்தச் சரியைத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

அப்பா பள்ளி பஸ் ஓட்டுநர். இந்த மூன்று நாளும் தன்னை யாரும் எதையும் ஓட்டச் சொல்லக் கூடாது, குழந்தைகளை எண்ணச் சொல்லக் கூடாது என்பது அவர் நிபந்தனை. ரயில் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டார்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். விடுதி அறையில் இரண்டு கட்டில், ஒரு மேஜை. மேஜை இழுப்பறையைத் திறந்ததும் அம்மா நின்றுவிட்டாள். உள்ளே முன்னால் தங்கியிருந்த யாரோ விட்டுப்போன ஒரு காலுறை. ஒற்றை. அதை எடுத்துக்கொண்டு கீழே விடுதிக்கார அம்மாளிடம் போனாள்.

"தூக்கிப் போடுங்கம்மா," என்றாள் அந்த அம்மாள்.

"கேட்டு வந்தா?"

"ஒத்தைக் காலுறையைக் கேட்டா? யாரு வருவா?"

"வருவாங்க. என்கிட்ட வந்திருக்காங்க."

முந்தைய மாத வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அந்த அறையில் தங்கியவரின் முகவரி கண்டுபிடித்து, கடிதம் எழுதி முடிக்கும்போது இருட்டிவிட்டது. தங்கை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத் திரும்பும் ரயில். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள்.

மறுநாள் காலையில் கடற்கரையில் துப்பட்டியை விரித்தோம். நடுவில் பைகள், பைகளுக்கு நடுவில் அம்மா. தங்கை ஈர மணலுக்கு இரண்டு மீட்டர் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ போ, பையை நான் பாத்துக்கறேன்," என்றார் அப்பா அம்மாவிடம்.

"கண்ணை மூடிட்டு எப்படிப் பாப்பீங்க?"

"காதால."

அம்மா எழுந்திருக்கவில்லை. "அஞ்சு நிமிஷம்டா கண்ணு" என்று அன்று காலையில் ஏழு தடவை சொன்னாள். தங்கை ஒவ்வொரு தடவையும் சரியென்று தலையாட்டிவிட்டு, அதே இடத்துக்குப் போய் நின்றாள்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது. உயிர்காப்பாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருந்தது: நீர் பதினான்கு டிகிரி. அப்படியும் ஜனங்கள் கும்பலாக இறங்கினார்கள். பயத்தோடு சேர்ந்து பொறாமையும் வந்து தங்கையின் உதடு நடுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து அம்மா எழுந்தாள். பைகளின் வாரை அப்பாவின் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தங்கையின் கையைப் பிடித்தாள். நடந்தார்கள்.

பன்னிரண்டு அடிதான். மணலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. அதற்குள் ஒரு கைக்கடிகாரம். பக்கத்தில் யாரும் இல்லை.

அம்மா நின்றாள். "யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க."

"குளிக்கப் போயிருக்காங்கம்மா," என்றேன்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாங்களா? தண்ணி வேற ஏறிட்டு வருது."

கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஜோடி. அதற்கப்பால் இன்னொன்று. கரை நெடுக, அம்மாவின் அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி. அம்மாவின் கை தங்கையின் கையை விட்டது.

நாற்பது நிமிடத்தில் இருபத்து மூன்று ஜோடிச் செருப்பு, ஒன்பது சட்டை, கைக்கடிகாரம், இரண்டு கண்ணாடி. தங்கை முப்பது ஜோடி என்பாள். இருபத்து மூன்றுதான், நான் எண்ணினேன். என் ரஃப் நோட்டைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: "வெள்ளை, இடது குதிகால் தேய்ந்தது, நாற்காலியிலிருந்து முப்பதடி." அந்த முப்பதடியை அளந்தது நான். துப்பட்டியின் மேல் எல்லாவற்றையும் தூரவாரியாக அடுக்கியதும் நான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தங்கை எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குளித்தவர்கள் கரையேற ஆரம்பித்தார்கள். முதலில் தொந்தி வைத்த, மீசைக்காரர் ஒருவர். சுற்றுமுற்றும் பார்த்தார். துப்பட்டியைப் பார்த்தார். ஓடி வந்தார்.

"அது என் செருப்பு."

"எது?"

"அதான், அது."

"காட்டக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பி நின்னு சொல்லுங்க. என்ன நிறம்?"

"பழுப்பு. குடுங்கம்மா, பல்லு கிட்டுது."

"எந்தக் காலு அதிகம் தேஞ்சிருக்கு?"

"என் செருப்பை நான் எதுக்கும்மா ஆராயணும்?"

"அப்ப உங்களோடதுதான்னு எப்படித் தெரியும்?"

அவர் கடலைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டே யோசித்தார். "வலது," என்றார் கடைசியில், பரீட்சையில் காப்பியடிக்க முடியாத பையன் மாதிரி. சரிதான். சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அம்மா கொடுத்தாள்.

அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஈரத்தோடு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார்கள். யாரோ போய்ப் புகார் சொல்ல, உயிர்காப்பாளர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். துப்பட்டியைப் பார்த்ததும் விசில் நின்றது. அவர் நாற்காலிக்கு அடியில் விட்டிருந்த செருப்பும் அங்கே இருந்தது. அவரும் வரிசையில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார், கணுக்காலில் பையோடு.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

"என்னோடதையும் எடுத்துட்ட."

"என்ன நிறம்?"

அப்பா வெகுநேரம் யோசித்தார். "நீ வாங்கிக் குடுத்தது."

"அது நிறம் இல்லை."

"நான் உன் புருஷன்மா."

"அது அடையாளம் ஆகாது. தள்ளி நில்லுங்க. அடுத்து."

வரிசையில் நின்றவர்கள் முதன்முதலாகச் சிரித்தார்கள். தன்னுடைய புருஷனுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம் என்று மீசைக்காரர் மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். உயிர்காப்பாளர் மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிப் போனார். அம்மா தலையைக் குனிந்து அவருடைய சீட்டை முடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து. என்ன பொருள்?"

"அம்மா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தங்கை. எப்போது வரிசையில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. முறைப்படி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறு பேர்.

அம்மாவின் பென்சில் நின்றது. ஆனால் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. "அடையாளம் சொல்லு."

"பச்சை ஸ்வெட்டர். முழங்கையில தையல் விட்டிருக்கு. கன்னத்துல மச்சம். இந்தப் பக்கக் கன்னம்." அவள் தொட்டுக் காட்டினாள். "கையைப் பிடிச்சுட்டு கடலுக்கு வரேன்னு சொன்னாங்க."

"எங்க தொலைஞ்சது?"

"அந்தக் கைக்கடிகாரம்கிட்ட."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்தாள். பின்னால் நின்ற ஆறு பேரைப் பார்த்து, என் அறிவுக்கு எட்டியவரை அதுவரை அவள் சொல்லியிராத ஒன்றைச் சொன்னாள்.

"அவங்கவங்களோடது அவங்கவங்களே எடுத்துக்கோங்க."

ஸ்வெட்டரோடும் செருப்போடும் நடந்து போனாள். தங்கை அவள் சுண்டுவிரலை அல்ல, மணிக்கட்டையே இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் அலை அம்மாவின் முழங்காலில் வந்து மோதியபோது அவள் மூச்சை உள்ளே இழுத்தது கரையில் நின்ற எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அம்மாவும் இதற்கு முன் கடலில் இறங்கியதில்லை.

அம்மா கரையைத் திரும்பிப் பார்த்தாள். துப்பட்டியில் ஆறு பேரும் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பா யாருடையதையோ காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் திரும்பினாள். மூன்றாவது தடவை திரும்பும்போது தங்கை ஒரு கையை எடுத்து, எக்கி அம்மாவின் தாடையைப் பிடித்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதன் பிறகு அம்மா திரும்பவில்லை.

உயிர்காப்பாளரின் நாற்காலிக்குப் பக்கத்துக் கம்பத்தில் கடிகாரம் இருந்தது. பதினோரு நிமிடம். பதினான்கு டிகிரி நீரில் ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுவே அதிகம். நான் முழங்கால் வரை இறங்கி அவர்களிடம் போனேன். தங்கையின் உதடு நீலமாகியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, குளிருது," என்றாள். "போதும். போலாம்."

அம்மா அவளைத் தூக்கி ஸ்வெட்டருக்குள் நுழைத்துக்கொண்டாள். ஸ்வெட்டரே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடுத்த அலை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே," என்றாள்.